மனஸ்தாபமில்லா நிறுவனம்

இணக்கி என்கிற காதுக்கருவி வந்த பிறகு, திருப்பூர் பனியன் முதலாளி சென்னியப்பனுக்கு சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு ஒரு மனஸ்தாபமும் வந்ததில்லை. யார் என்ன பேசினாலும், கேட்பவர் மொழியில், அவர் ஊர் வழக்கப்படி இதமாக மாற்றி அது காதில் சொல்லிவிடும். 'மனஸ்தாபமில்லா நிறுவனம்' என்று யாரோ கொடுத்த கேடயத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கும் சேர்த்துப் பூப் போடுகிற மனிதர் அவர்.

ஏற்றுமதிக் குழந்தைச் சட்டை ஒன்றைத் தன் மகளுக்குப் போட்டுப் பார்த்தாள் அவரிடம் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் மரகதவல்லி. சாயந்தரத்துக்குள் பிள்ளையின் முதுகெல்லாம் தடித்துச் சிவந்துவிட்டது.

மறுநாள் வீடியோ அழைப்பில் டென்மார்க் பையர் யென்ஸிடம் சொன்னாள்: "இந்தச் சாயம் குழந்தைகளுக்கு ஆகாதுங்க. சரக்கை விக்காதீங்க."

யென்ஸ் ஏதோ பேசினார். "எங்கள் குழந்தைகள் உங்கள் சட்டையை மறக்கவே மாட்டார்கள்" என்றது இணக்கி.

ஆனால் அவர் முகம் கடுகடுவென்று இருந்தது. மரகதவல்லி கருவியைக் கழற்றினாள். அவரையும் கழற்றும்படி சைகை காட்டினாள்; அவரும் கழற்றினார். பள்ளியில் படித்து மறந்துபோன இங்கிலீஷைத் தேடிப் பிடித்து, "கலர் பேட். பேபி ஸ்கின் பர்னிங். ஸ்டாப்" என்றாள்.

யென்ஸ் அவளையே வெறித்துப் பார்த்தார். பிறகு அவரும், இணக்கி வந்ததிலிருந்து பேசாமல் விட்ட இங்கிலீஷில் திக்கித் திணறிச் சொன்னார்: ஆறு மாதமாக இதைத்தான் உங்களிடம் கத்திக்கொண்டிருக்கிறேன்.

பக்கத்தில் இருந்த சென்னியப்பன் பதறிப்போனார்.

"அதைய எதுக்கு அம்மிணி கழட்டுன? அந்த ஆளு கோவிச்சுக்கப் போறாரு!"