வெள்ளைக் கோட்டுக்கு முன்னால்

நேர்பாதையில் இருவர் மட்டும் மோதும் பைக் பந்தயத்தின் இறுதிச்சுற்று. நான்கு முறை சாம்பியனான நவமணிக்கு அதுதான் கடைசிப் பந்தயம். பச்சை விளக்கு எரிவதற்குள் பக்கத்துத் தடத்தில் ரெஜினாவின் பைக் அணைந்துபோனது. எவ்வளவு முயன்றும் கிளம்பவில்லை.

"நீங்க சும்மா உருட்டிட்டுப் போனாலே கப் உங்களுக்குத்தான்க்கா," என்றான் நவமணியின் மெக்கானிக்.

நவமணி மெதுவாகவே போனாள். இத்தனை வருடம் ஒரே மூச்சில் கடந்த பாதையின் ஓரமெல்லாம் தும்பை பூத்திருந்தது. தட்டான்கள் அவளோடு கூடவே பறந்தன. வேலிக்கு அப்பால் ஒருத்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். முடிவுக்கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நவமணி காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தாள். கானலுக்குள் ரெஜினா தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏன்க்கா நிக்கறீங்க? போங்க!" என்று அங்கிருந்தே கத்தினாள் ரெஜினா.

நவமணி எஞ்சினை அணைத்தாள்.

"இங்க நல்லா காத்து வருது. நீ மெதுவா வா."