நம்பர் பொருத்தம்

“கிட்ட வராதே மச்சான்! அம்பத்திரண்டு வருஷமா வேற எஞ்ஜின் ஏறாத வண்டி இது. உன்னுது மாதிரி அம்பாசடர் எஞ்ஜின் வெச்ச கலப்படம் இல்ல.”

ஆம்பூர் தோல் பேக்டரி முதலாளி அப்துல் ஹமீத் சொன்னதும் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மனைவியின் தம்பி அப்துல் வஹீத் மட்டும் சிரிக்கவில்லை.

பேக்டரி முற்றத்தில் செக்கச்செவேலென்று நின்றது 1951 மாடல் இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். பிறந்தபோது இருந்த எஞ்ஜினே இன்றும் இருக்கிறது என்று பழைய கார் கிளப் சான்றிதழ் கொடுத்துவிட்டால், அடுத்த மாதம் சென்னையில் நடக்கும் ஊர்வலத்தில் முதல் வண்டி அதுதான். கொடுக்காவிட்டால் மச்சானோடு கடைசி வரிசை. சான்றிதழ் மாட்ட ஆபீஸ் சுவரில் ஹமீத் ஆணியே அடித்துவிட்டார். ஊரைக் கூப்பிட்டு பிரியாணியும் போட்டாயிற்று.

மெக்கானிக் வேதாசலம் எஞ்ஜினை இன்னொரு தரம் துடைத்துவிட்டு ஒதுங்கினார். சென்னையிலிருந்து வந்திருந்த கிளப் நடுவர் சுந்தரமூர்த்தி டார்ச் அடித்து, பூதக்கண்ணாடி வைத்து, பெண் பார்க்க வந்தவரைப் போலக் குனிந்து குனிந்து பார்த்தார்.

“எஞ்ஜின் நம்பர் எழுபத்தொண்ணுன்னு முடியுது.”

“ஆர்.சி. புக்லயும் எழுபத்தொண்ணுதான் சார்! வஹீத், நீயும் வந்து கண் குளிரப் பாரு.”

“புக்கு யாரோ கிளார்க் கையால எழுதறது சாஹிப். நான் காரைச் செஞ்ச கம்பெனிக்கே எழுதிக் கேட்டுட்டேன்.” சுந்தரமூர்த்தி பையிலிருந்து ஃபேக்ஸ் ஒன்றை எடுத்தார். “அவங்க லெட்ஜர்படி இந்த வண்டியோட எஞ்ஜின் நம்பர் பதினேழுன்னு முடியணும். மன்னிச்சுக்குங்க. இது வேற ஏதோ வண்டி எஞ்ஜின்.”

ஹமீத் ஆர்.சி. புக்கைப் பிரித்து நீட்டினார்.

“சார்... அந்த கிளார்க், பதினேழைத் திருப்பி எழுபத்தொண்ணுன்னு எழுதியிருப்பான் சார்!”

“இருக்கலாம். எஞ்ஜின்லயும் அவனேவா வந்து எழுதினான்?”

நடுவர் பிரியாணியைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டார். இப்போது வஹீத் சிரித்தார். “கவலைப்படாதே மச்சான். கடைசி வரிசைல எம்பக்கத்துல துண்டு போட்டு வைக்கிறேன்.”

ஹமீத் அதைக் காதில் வாங்கவில்லை. வேதாசலத்தின் கையைப் பிடித்து, தோல் மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“போன வாரம் புக்ல இருக்கிற மாதிரி நம்பரை மாத்திடுன்னு சொன்னேனே... எஞ்ஜின்ல நீ ராவி எடுத்த பழைய நம்பர் எப்படி முடிஞ்சுது?”

“அதுவா பாய்? பதினேழு.”