கரை வேட்டி

"வெக்கமா இல்லையாண்ணே? முப்பது வருசமா ஒரே கட்சிக் கொடியத் தூக்கிட்டு, இன்னைக்கு ஆளுங்கட்சிக் கரை வேட்டியோட வந்து நிக்கீய!"

கான்சாபுரம் பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, பாண்டிசெல்வி சத்தம் போட்டாள்.

பால்ச்சாமி புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடையைக் கட்டினார்.

"பதவி ஆசை! பச்சோந்தி!" அவர் காதில் விழட்டும் என்றே சொன்னாள்.

பின்னே, வயிறு எரியாதா? மகள் மகாலட்சுமி ஸ்ரீவில்லிபுத்தூரில் நர்சிங் படிக்கிறாள். காலையில் இருந்த ஒரே பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். ஊரில் கட்சிக் கிளைச் செயலாளராச்சே என்று பால்ச்சாமியிடம் முறையிட்டால், "பாக்கேன் தாயி" என்றவர், பார்த்த லட்சணம் இதுதான்!

"படிச்சது போதும். ராஜபாளையம் மில்லு வேன் வாசலுக்கே வருது, வேலைக்கு அனுப்பு" என்றான் புருசன் தங்கச்சாமி.

"என் உசுரு இருக்க வரைக்கும் அவ படிப்பா. வேன் வரட்டும், நீரு ஏறிப் போம்!"

மறுநாளே தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு டிப்போவுக்குப் போனாள். வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பஸ் விடாம எந்திரிக்க மாட்டோம்!"

மேனேஜர் பதறி வெளியே வந்தார். "எதுக்கும்மா போராட்டம்? நேத்தே ஆர்டர் போட்டாச்சு. திங்கட்கிழமை பஸ் வருது. பால்ச்சாமி சொல்லலையா?"

"அவரா?"

"ஒரு மாசமா நடையா நடந்தாரு. 'எங்க கட்சிக்காரன் கேட்டாத்தான் மேலிடத்துல பேசுவேன்'னு ஆளுங்கட்சி பஞ்சாயத்து யூனியன் தலைவர் கறாரா சொல்லிட்டாரு. மனுசன் நேத்து அந்தக் கரை வேட்டியையே கட்டிட்டு வந்து நின்னுட்டாரு."

பாண்டிசெல்விக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஊர் திரும்பியதும் நேரே அவர் வீட்டுக்கு ஓடினாள்.

வாசலில் நின்ற கொடிக்கம்பத்தை, அவருடைய கட்சிக்காரர்களே பிடுங்கி எடுத்துக்கொண்டு போனார்கள். பால்ச்சாமி வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்பிள்ளைக்காகக் கட்சி மாறிட்டீயளேண்ணே!" அழுதேவிட்டாள்.

"நான் எங்க தாயி மாறுனேன்? இப்பவும் அதே கட்சிதான். அவியதான் என்னைய நீக்கிட்டாவ."