பத்தாவது மாத்திரை

இரும்புச்சத்து மாத்திரை அட்டையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். பக்கத்தில் ஆவி பறக்க வந்து உட்கார்ந்த டீ டம்ளரைப் பார்த்ததும் அது எரிந்து விழுந்தது.

"இன்னைக்கும் வந்துட்டியா? எனக்கு முன்னால போன ஒன்பது பேரையும் வயித்துக்குள்ள கட்டிப்பிடிச்சு, ரத்தத்துல சேரவிடாம பண்ணினது போதாதா?"

"என் குணம் அப்படி. நானா வர்றேன்? உன்னை முழுங்க செண்பகவல்லிதானே என்னைத் தேடுறா!" என்றது டீ.

கூடையிலிருந்த நெல்லிக்காய்க்கும் ஆத்திரம். "நான் கூட வந்தா நீ சுலபமா சேர்ந்துடுவ. நாலு நாளா இங்கயே வதங்குறேன், யார் சீண்டுறா?"

டீயை வைத்துவிட்டுக் கீழே போய், திரும்ப மாடிப்படி ஏறி வந்த செண்பகவல்லி, மூச்சு வாங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மாத்திரையை வாயில் போட்டு டம்ளரை எடுத்தாள்.

"அடிப்பாவி, உன் வீட்ல ஒரு வாய் தண்ணி இல்லையா?" என்று மாத்திரை கத்தியது டீயில் முங்கிப்போனது.

வயிற்றுக்குள் டீ அதைக் கட்டிப்பிடித்தபோது, மேலே அவள் தங்கையிடம் ஃபோனில் பேசுவது கேட்டது.

"பத்து மாத்திரையும் முழுங்கியாச்சுடி. ஒரு பிரயோஜனமும் இல்ல. முதல்ல இந்த டாக்டரை மாத்தணும்."