எதிர்வீட்டைப் பார்த்த ஸ்பீக்கர்

சர்ச் வளாகத்து வேப்பமரத்தில் சாத்திய ஏணியில் நின்றுகொண்டு, கூம்பு ஸ்பீக்கரைத் திருப்பிக் கட்டினார் ஜேம்ஸ்ராஜ். கட்டியும் திருப்தி இல்லை. அவிழ்த்து இன்னும் கொஞ்சம் திருப்பினார். இப்போது அதன் வாய், தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த சண்முகராஜ் வீட்டு ஜன்னலை நேராகப் பார்த்தது.

கீழே ஏணியைப் பிடித்திருந்த மனைவி கிருபாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னைக்குப் பெரிய வெள்ளி. மன்னிப்பைப் பத்திப் பேசப்போற ஆளு பண்ணுத வேலையா இது?"

"அதுக்குத்தானட்டி திருப்புதேன். நான் பேசுத ஒவ்வொண்ணும் அவன் காதுல போயிக் குத்தணும்."

அந்தச் சபையில் பெரிய வெள்ளியன்று மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கொன்றாகப் பேசுவார்கள். முதல் வார்த்தை, தம்மை அறைந்தவர்களை மன்னிக்கச் சொல்லி அவர் வேண்டிக்கொண்டது. இந்த வருஷம் அதைக் கமிட்டிச் செயலாளர் ஜேம்ஸ்ராஜுக்குக் கொடுத்திருந்தார் போதகர். தெரிந்துதான் கொடுத்தாரோ என்னவோ.

போன ஞாயிறு குருத்தோலைப் பவனி காளியம்மன் கோவிலைக் கடக்கும்போது, மைக் ஜேம்ஸ்ராஜ் கையில் இருந்தது. பாட்டோடு நிறுத்தியிருக்கலாம்.

"கல்லுக்குக் காது கேக்குமா?" என்று மைக்கிலேயே கேட்டுவைத்தார்.

கோவில் வாசலில் நின்ற ஹரி பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கித் தரையில் அடித்தான். கீழே விழுந்த குருத்தோலைகளை மிதித்தான். ஹரி சண்முகராஜின் மகன். போலீஸ் வேலைக்குத் தேர்வாகி உத்தரவுக்காகக் காத்திருப்பவன்.

ஜேம்ஸ்ராஜ் அன்றே ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் சனிக்கிழமை வரை தவணை சொன்னார். அதற்குள் இரண்டு பக்கமும் சமாதானம் ஆகாவிட்டால் வழக்கு. வழக்கு வந்தால் ஹரிக்கு அந்த வேலை அவ்வளவுதான்.

சண்முகராஜ் இரண்டு பேரைத் தூது அனுப்பிப் பார்த்தார். ஜேம்ஸ்ராஜ் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

"அவன் மிதிச்சது ஓலையை இல்ல, எங்க கர்த்தரோட பேரை. சனிக்கிழமை ஸ்டேஷன்ல பாத்துக்கிடுதேன்னு சொல்லுங்க."

மணி பன்னிரண்டு அடித்தது. ஜேம்ஸ்ராஜ் பேச எழுந்தார்.

நன்றாகத்தான் பேசினார். பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போயின. அதைப் பார்த்ததும், யோசித்து வைத்திராத ஒன்று அவர் வாயில் வந்தது.

"காலில் வந்து விழுந்த பிறகு மன்னிப்பது பெரிய காரியம் இல்லை. அவன் கேட்கும் முன்னே மன்னிக்க வேண்டும். நானும் ஒருவரை மன்னித்துவிட்டேன். யார் என்று சொல்ல மாட்டேன். கர்த்தருக்குத் தெரியும்!"

கூட்டம் நெகிழ்ந்து போனது. கிருபா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் ஜேம்ஸ்ராஜ் ஒன்றைக் கவனித்தார். சண்முகராஜ் தன் வீட்டை ஒட்டி நடத்திய தீப்பெட்டித் தொழிற்சாலையில் மெஷின் சத்தம் நின்றிருந்தது.

'உறைக்குது போல' என்று நினைத்தபடி வந்து உட்கார்ந்தார்.

ஆராதனை முடிந்ததும், உபவாசம் இருந்தவர்களுக்கு வேப்பமர நிழலில் கஞ்சியும் பயறுத் துவையலும். அண்டா முன்னால் அகப்பையோடு நின்றவர் ஜேம்ஸ்ராஜ்தான்.

"அண்ணாச்சி, கேட்டைப் பாருங்க," என்றான் வரிசையில் நின்ற ஜெஸ்டின். "அப்பனும் மவனுமா வாராங்க. ஸ்பீக்கர் சத்தம்னு சண்டைக்குத்தான்." சொல்லிக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டான்.

"வரட்டும், நீ பேசாம இரு."

ஜேம்ஸ்ராஜ் போனில் வீடியோ பதிவை ஓடவிட்டுச் சட்டைப் பையில் செருகினார். நாளைக்கு ஸ்டேஷனில் காட்ட உதவும்.

சண்முகராஜ் கேட்டுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றினார். நேராக அண்டாவுக்கு முன்னால் வந்து நின்றார். பின்னால் ஹரி, நிமிர்ந்து பார்க்காமல்.

"அண்ணாச்சி," என்றார் சண்முகராஜ். "பய பண்ணுனது பெரிய தப்பு. நான் வந்து கேக்க முந்தியே மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டிய. ஒரு வாரமா எங்க வீட்ல யாரும் சரியாச் சாப்பிடல. இன்னைக்குத்தான் அண்ணாச்சி உசுரே வந்துச்சு."

ஜெஸ்டின் மடித்த கையை மெல்ல இறக்கிவிட்டான்.

ஜேம்ஸ்ராஜ் அகப்பையை அண்டாவில் வைத்தார்.

"நான்... பேரு எதுவும் சொல்லலியே. உங்களைத்தான் சொன்னேன்னு எப்படி...?"

சண்முகராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"இது கூடவா தெரியாது? அந்த வெயில்ல ஏணியில ஏறி, எங்க வீட்டுக்கு நல்லாக் கேக்கணும்னு ஸ்பீக்கரைத் திருப்பித் திருப்பிக் கட்டுனியல்லா! அப்பவே இவன் அம்மா சொல்லிட்டா. 'அவிய நமக்கு ஏதோ சொல்லப் போறாவ. நேர்ல வந்து சொல்லக் கூச்சமா இருக்கும். மெஷினை நிறுத்துங்க, ஒரு வார்த்தை விடாமக் கேப்போம்'னு."

ஜேம்ஸ்ராஜ் கிருபாவைப் பார்த்தார். அவள் அண்ணாந்து ஸ்பீக்கரைப் பார்த்தாள்.

சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து அணைத்தார். ஒரு கிண்ணம் நிறையக் கஞ்சியை ஊற்றி, ஹரியின் கையில் கொடுத்தார்.

"குடிலே. குடிச்சிட்டு வண்டியை எடு. நாளைக்கு வரைக்கும் என்னத்துக்கு? இப்பவே ஸ்டேஷனுக்குப் போயி புகாரை வாபஸ் வாங்கிருவோம். அன்னைக்கு முதல்ல வம்பு இழுத்தது நான்தான்னு இன்ஸ்பெக்டர்ட்ட நானே சொல்லணும்."