மூன்றும் இரண்டும்

சரியாகத்தான் நினைவிருக்கிறதா, தெரியவில்லை. மின்சாரம் போன மதியம். திருத்தங்கல் அச்சகத்தில் மை வாசனை. ஜன்னல் வெளிச்சம் பட்டாசு லேபிள்கள்மேல் கிடக்கும் பகடையில் விழுகிறது. அங்கே வேலை பார்க்கும் நாங்கள் நால்வரும் பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் மாயக்கதையில் இருளாண்டியின் வீரன் பூதத்திடம் அடிபட்டுச் சாகக் கிடக்கிறான். மந்திரவாதியாக மூன்று படியும் பூசாரியாக இரண்டு படியும் ஏறியிருக்கும் கற்பகவல்லி, மந்திரவாதியின் ஐந்தாம் படிக்குரிய நெருப்புருண்டையைக் கேட்கிறாள். “ரெண்டையும் கூட்டக் கூடாதுக்கா. அது தனி, இது தனி” என்கிறான் ஆட்டம் நடத்தும் பாண்டிமுருகன். “ஏலே, வெடி ஊர்ல பொறந்தவளுக்கு நெருப்பு இல்லையாக்கும்!” என்கிறாள் கற்பகவல்லி. பிறகு பூசாரியின் சின்ன மந்திரத்தால் வீரனின் காயத்தை ஆற்றுகிறாள். “எந்திரிச்சுட்டேம்லே!” என்று இருளாண்டி நிஜமாகவே எழுந்து நிற்கிறான். விளக்கு எரிகிறது, இயந்திரம் உறுமுகிறது, ஆட்டம் நிற்கிறது.

பாண்டிமுருகன் இப்போது கோவையில் இருக்கிறான். இருளாண்டியும் கற்பகவல்லியும் அதே அச்சகத்தில், நான் மல்லாங்கிணற்றில். பூதத்தை யாரும் கொல்லவில்லை. நால்வரும் நன்றாக இருக்கிறோம்.