கடைசி ரத்தம்

“பொய் சொல்ற வேலையெல்லாம் எனக்கு வராது சார். வேற ஆளைப் பாருங்க!”

ஆராய்ச்சிக்கூடமே திரும்பிப் பார்த்தது. ஆன்டிபாடி தயாரித்து விற்கும் அந்தக் கம்பெனியில் டைரக்டரை எதிர்த்து இப்படி யாரும் வாய் திறந்ததில்லை. அவரோ அவள் நீட்டிய சோதனை பிலிமையே முறைத்துக்கொண்டிருந்தார்.

செல்லுக்குள் சரக்கைத் தூக்கிக்கொண்டு அலைகிற ஒரு புரதம் உண்டு. அது இருந்தால் பிலிமில் கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும் ஆன்டிபாடியை, ஒரு வெள்ளை முயலின் ரத்தத்திலிருந்து எடுத்திருந்தார்கள். முயலுக்கு மகாராணி என்று பெயர் வைத்ததே அவள்தான். ஆன்டிபாடி சோதனையில் தேறிவிட்டால், நாளைக்கே மகாராணியின் உடம்பிலிருக்கும் ரத்தம் மொத்தத்தையும் எடுத்துவிடுவார்கள். அத்தோடு அதன் கதை முடிந்தது.

ஆனால் தேறவில்லை என்றது பிலிம். காலையில் அவளே சோதனையை ஓட்டினாள். புரதம் இருக்கிற செல்லிலும் கோடு, அது அறவே இல்லாத செல்லிலும் கோடு. இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே கறுப்பு.

“இல்லாத புரதத்தை எப்படிம்மா காட்டும்? மறுபடி ஓட்டிப் பாரு.”

“நான் எத்தனை தடவை ஓட்டினாலும் இதேதான் வரும். கண்டதையும் புடிக்குது சார், லாயக்கில்லாத ஆன்டிபாடி!”

டைரக்டர் குரலைத் தணித்தார். “அந்த ரெண்டாவது கோட்டை மட்டும் வெட்டிட்டுப் படத்தைப் போடு. விக்கிறது என் பாடு.”

“வாங்குறவங்க ஆராய்ச்சி நாசமாப் போகுமே, அதுக்கு யாரு பதில் சொல்றது? வெட்ட மாட்டேன். வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி, இதே பிலிமை ஊருக்கே காட்டுவேன்!”

பக்கத்து மேஜையில் யாரோ கைதட்டப் போய் அடக்கிக்கொண்டார்கள். டைரக்டருக்கு முகம் செத்துவிட்டது.

“இவ்வளவு நாளா அந்த முயலுக்குத் தண்டச்சோறு போட்டிருக்கோம். எங்கேயாவது கொண்டுபோய்த் தொலை!” என்று எரிந்து விழுந்தார்.

சாயங்காலம் மகாராணி அவள் வீட்டுச் சோபாவுக்கு அடியில் உட்கார்ந்து ஒரு கேரட்டை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தது.

நடந்ததைக் கேட்ட கணவன் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான். “உன் நேர்மைக்கு முன்னாடி நாங்கெல்லாம் எம்மாத்திரம், தாயே! ஆமா, அந்த ஆன்டிபாடி அவ்வளவு மோசமா?”

“யார் சொன்னது? சொக்கத்தங்கம்! ரெண்டு இடத்துலயும் நான் ஊத்தினது புரதம் இருக்கிற செல்லைத்தான்.”